பாக்கெட்டுக்குள் ஏலமலை!

குழந்தைகளே! உங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டிலோ, பரண்மேலோ பழைய போட்டோ ஆல்பம் ஒன்று கிடக்கும். தேடிப் பாருங்கள். அட்டையில் ரோஜாப்பூவோ, நீர்வீழ்ச்சியோ படம் போட்டிருக்கும். உள்ளே தாளுக்குத் தாள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள். கேமராவில் பிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில், பிலிமைக் கழுவி பிரிண்ட் போடக் கொடுத்தால், ஸ்டூடியோக்காரர்கள் இப்படி ஓர் ஆல்பத்தைச் சும்மாவே கொடுப்பார்கள். இப்போது போட்டோ எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. பாவம், ஆல்பங்கள் காலியாகக் கிடக்கின்றன!

அந்தக் காலி உறைகளில் என்னென்ன வைக்கலாம்? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். என் ஊர் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். போடி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஆகவே என் உதாரணங்கள் போடியிலிருந்தும், அதற்கு மேலே சுவர் மாதிரி எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவிலிருந்தும் வரும். நீங்கள் கடலூரிலோ கரூரிலோ இருந்தால், ஏலக்காய்க்குப் பதில் உங்கள் ஊர்ப் பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டாதே, செருகு!

பள்ளியில் நீங்கள் செய்யும் ஸ்கிராப் புக் எப்படி இருக்கும்? பெரிய தாளில் பசை தடவி, படத்தை ஒட்டி, பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதுவீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒட்டியதை மறுபடி எடுக்க முடியாது. பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க முடியாது. மைதாப் பசை என்றால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி!

இந்த ஒட்டும் தொல்லை பெரிய எழுத்தாளர் ஒருவரையும் படுத்தியிருக்கிறது. டாம் சாயர் கதையை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்குச் செய்தித் துணுக்குகளை வெட்டி ஒட்டி வைப்பதில் ஆசை அதிகம். பசைப் புட்டியோடு போராட முடியாமல், தாளிலேயே முன்கூட்டிப் பசை தடவிய ஒரு நோட்டைக் கண்டுபிடித்து, 1873இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். தண்ணீர் தொட்டுத் தடவினால் போதும், ஒட்டிக்கொள்ளும். அந்த நோட்டு நன்றாக விற்றது.

பாக்கெட் ஆல்பத்தில் அந்த வேலையும் இல்லை. செருகலாம், எடுக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், இடம் மாற்றலாம். ஒரே உறையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ரகசியமாக மடித்த ஒரு கடிதம் என்று மூன்றுகூட வைக்கலாம்.

பழைய போட்டோ ஆல்பத்தில் ஓர் உறை பெரும்பாலும் 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம் இருக்கும். பழைய காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், சட்டைப் பெட்டிக்குள் வரும் அட்டை என்று எது கிடைத்தாலும் இந்த அளவுக்கு ஐம்பது அட்டைகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன் அது யாருடைய பத்திரிகை என்று பாருங்கள். தாத்தா பாட்டியின் பத்திரிகையாக இருந்தால் அதற்கே ஒரு பாக்கெட் கொடுத்துவிடுங்கள்!

"பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் ஒரு பொருளா?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்கு ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூர்க்காரர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி ஏறத்தாழ ஐம்பதாயிரம் புத்தகங்களைச் சேர்த்தார். புத்தகம் மட்டுமா? மற்றவர்கள் குப்பையில் போடும் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்து, வகை பிரித்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டு போய்விடவில்லை! சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்கும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து, ஒரு காலத்தில் காற்றில் பறந்த நோட்டீஸ்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள்.

மறைந்துபோகும் டிக்கெட்

எதிலிருந்து தொடங்குவது? பஸ் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

இப்போது கண்டக்டர் கையில் உள்ள மெஷினிலிருந்து வரும் டிக்கெட்டில் மை கிடையாது. அந்தத் தாளின் மேல், சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு இருக்கிறது. மெஷின் சூடு வைத்து எழுதுகிறது, அவ்வளவுதான். நம்பவில்லையா? ஒரு பழைய டிக்கெட்டில் விரல் நகத்தால் அழுத்தி வேகமாகக் கோடு இழுங்கள். உரசும் சூட்டிலேயே கறுப்புக் கோடு விழும்! இப்படி எழுதிய எழுத்து, வெளிச்சத்திலும் வெயிலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். சில வகைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஆல்பத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத் தாள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆகவே மெஷின் டிக்கெட் கிடைத்த அன்றே அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள். எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, எவ்வளவு காசு, யாரோடு போனோம், எதற்குப் போனோம். முடிந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதையும் சேர்த்து வையுங்கள். ஜெராக்ஸ் மங்காது.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சிறிய, தடித்த அட்டை ரயில் டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள்! அது அச்சு மையில் அடித்தது. அறுபது வருடம் ஆனாலும் படிக்கலாம். மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் ரயில் வந்தது. மீட்டர் கேஜ் என்ற சிறிய பாதை. அகலப்பாதை போடுவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். 2022இல் தேனி வரைக்கும் வந்தது. போடிக்கு வந்தது 2023 ஜூனில்! நடுவில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு குழந்தை பிறந்து, ஏழாம் வகுப்புக்குப் போகும் காலம். அந்தப் பிள்ளைகளில் பலர் சொந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தார்கள்.

இதற்கு இரண்டு பாக்கெட் ஒதுக்குங்கள். இடது பக்கம் பழைய ரயில். அதில் போன பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிய நான்கு வரி. வலது பக்கம் புது ரயிலில் நீங்கள் போன டிக்கெட். பெரியவரிடம் கேட்கும்போது, "ரயில் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சுப்பா" என்று முடித்துவிடுவார். "ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எது முதலில் தெரியும்? ஸ்டேஷனில் என்ன விற்பார்கள்? மூட்டையில் என்ன கொண்டு போனீர்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் பேச்சு வரும்.

பதினேழு வளைவு, பதினேழு சீட்டு

போடியிலிருந்து மூணாறு போகும் சாலையில், மேலே போடிமெட்டு போய்ச் சேருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். பஸ்ஸில் போகும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள்!

நீங்கள் 17 சின்னச் சீட்டுகள் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரே ஒரு வரி. கண்ணில் பட்டதோ, காதில் கேட்டதோ, மூக்கில் ஏறியதோ. "3: பாறையில் குரங்குக் குட்டி." "9: ஜன்னலை மூடச் சொன்னார்கள். குளிர்." இவ்வளவு போதும். வீட்டுக்கு வந்து ஓர் உறையில் மேலிருந்து கீழாக அடுக்கினால் மலை ஏறிய கதை தயார்.

குளிர் என்றதும் ஒரு கணக்கு. 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். போடியை விடப் போடிமெட்டு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். அதனால்தான் கீழே மா மரம், தென்னை. மேலே ஏலம், காபி, மிளகு. ஓர் அட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுத்து, எந்த உயரத்தில் என்ன மரம் பார்த்தீர்கள் என்று படம் போடுங்கள். உங்கள் அறிவியல் டீச்சரிடம் காட்டினால் சந்தோஷப்படுவார்.

ஏலத்துக்கு ஒரு பக்கம்

ஏலச்செடி இஞ்சியின் சொந்தக்காரர் என்பது தெரியுமா? இரண்டும் ஒரே குடும்பம். செடி ஆளை விட உயரமாக வளரும். ஆனால் பூவும் காயும் உச்சியில் இருக்காது. செடியின் காலடியில், தரையோடு தரையாகச் சரம் சரமாக ஓடும். வெள்ளைப் பூ, நடுவில் ஊதா வரிகள். விடியற்காலையில் விரியும் பூ அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய்.

பூவைப் பறித்து அழுத்தி வைக்கலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். ஒரு பூவைப் பறித்தால் ஒரு காய் போயிற்று. அது ஒருவருடைய பிழைப்பு. கீழே உதிர்ந்த பூ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தினமும் தாளை மாற்றினால் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்துவிடும். ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஊதா நிறம் எப்படியும் மங்கிவிடும், அதனால் பூ கையில் இருக்கும்போதே கலர் பென்சிலால் படம் போட்டு வைத்துவிடுங்கள்.

காய்க்கு வருவோம். சமையலறையிலிருந்து அம்மாவிடம் கேட்டு இரண்டு ஏலக்காய் வாங்குங்கள். (கேட்காமல் எடுக்காதீர்கள். விலை தெரிந்தால் அம்மா துரத்துவார்கள்!) ஒன்றை உரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று அறைகள். ஒவ்வொரு அறையிலும் எத்தனை விதை என்று எண்ணி எழுதுங்கள். விதைகளை ஓர் உறையில் கொட்டி, வாயை செலோடேப் போட்டு ஒட்டிவிட்டால் அது குலுக்கு பாக்கெட். ஆட்டினால் சலசலவென்று சத்தம் வரும். உரிக்காத காயைப் பக்கத்து உறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை இரண்டையும் திறந்து முகர்ந்து பார்த்து, எது முதலில் வாசனையை இழக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

பச்சைக் காயை அப்படியே விற்க முடியாது. அதை ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் பரப்பி, சூடான காற்றில் பச்சை நிறம் போகாமல் காய வைப்பார்கள். சுமார் 5 கிலோ பச்சைக் காய் காய்ந்தால் 1 கிலோதான் தேறும். பிறகு சல்லடையில் போட்டு அளவு பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7 மில்லிமீட்டருக்கு ஒரு விலை. ஒரு மில்லிமீட்டருக்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

இதையே நீங்கள் அட்டையில் செய்யலாம். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின் இருக்கிறதல்லவா? அது போடும் ஓட்டை சுமார் 6 மில்லிமீட்டர். ஓர் அட்டையில் அப்படி ஒன்று போடுங்கள். பக்கத்தில் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டரில் இன்னும் இரண்டு வட்டம் வரைந்து, பெரியவர்கள் உதவியோடு வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஆல்பத்தில் ஒரு குட்டிச் சல்லடை! வீட்டு ஏலக்காய் எந்த ஓட்டையில் நுழைகிறது என்று பாருங்கள்.

போடியில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். சிரிக்காதீர்கள், உண்மைதான்! வாசனைப் பொருளான ஏலம் நம்முடைய பழைய சொல். விலை கேட்கும் ஏலம், போர்ச்சுக்கீசியர் பேச்சிலிருந்து வந்து தமிழில் ஒட்டிக்கொண்ட சொல். இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், கேரளத்தில் புத்தடி என்ற ஊரிலும் கம்ப்யூட்டர் வழி ஏலம் நடக்கிறது. அன்றைய விலை செய்தித்தாளில் வரும். அந்தத் துணுக்கை வாரம் ஒன்று வெட்டி, தேதி எழுதி, ஒரே உறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வாருங்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. மழையும் வெள்ளமும், பிறகு வறட்சியும் வந்து காய் குறைந்துபோனதுதான் காரணம். 2021இல் அதே காய் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஒரு வருடத் துணுக்குகளை வைத்து வரைபடம் போட்டால், அது மலையை விட மேடு பள்ளமாக இருக்கும்.

அம்மாவின் கை

விலை ஏறினாலும் இறங்கினாலும், காயைப் பறிப்பது கைதான். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டு இருட்டும்போது திரும்புகிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய அம்மாவும் அந்த ஜீப்பில் போகலாம்.

நான் வேலை பார்த்த பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். விடுமுறையில் 'எங்கள் ஊர்' ஆல்பம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தேன். எல்லாரும் கோயில் படம், தலைவர்கள் படம், காய்கறிப் படம் கொண்டு வந்தார்கள். இந்தப் பெண் தன் அம்மாவின் கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். உறை சின்னது, கை பெரியது. விரல் நுனிகளை மடித்துச் செருகியிருந்தாள். வெளியே எடுத்து விரித்தால் ஐந்து விரலிலும் ஐந்து நேரம் எழுதியிருந்தது. எழுந்திருக்கும் நேரம், ஜீப் வரும் நேரம், காட்டில் குனியும் நேரம், சோற்று நேரம், வீடு திரும்பும் நேரம். கட்டை விரலில் மூன்றரை மணி! உள்ளங்கையில், "அம்மா நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும்" என்று ஒரு வரி. முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்ற எனக்கு, அந்த வகுப்பில் அன்றைக்குப் பேச்சு வரவில்லை. மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு என்ன மதிப்பெண் போடுவது?

நீங்களும் செய்து பாருங்கள். அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோ. டைலர் கை, டிரைவர் கை, டீக்கடை அண்ணன் கை, எதுவானாலும் சரி. கேட்டுவிட்டு வரையுங்கள். வேலை முடிந்து அசந்து உட்காரும் நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.

2020இல் கொரோனா வந்தபோது மாநில எல்லையை மூடினார்கள். ஜீப்புகள் நின்றன. போடிமெட்டு சோதனைச்சாவடியைத் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றார்கள். அந்த இ-பாஸ் தாள் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால், குப்பையில் போடுவதற்குள் கேட்டு வாங்கி ஆல்பத்தில் வையுங்கள். உங்கள் தம்பி தங்கை பெரியவர்கள் ஆகும்போது, "அப்படியும் ஒரு தாள் இருந்ததா?" என்று கேட்பார்கள்.

ரயில் இல்லாத ஸ்டேஷன்

குரங்கணிக்கு மேலே மலையில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதற்கும் மேலே 'டாப் ஸ்டேஷன்'. போய்ப் பார்த்தால் தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை! பிறகு ஏன் அந்தப் பெயர்?

நூறு வருடத்துக்கு முன்பு மூணாறில் விளைந்த தேயிலையைக் கீழே கொண்டுவர நல்ல சாலை கிடையாது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓட்டினார்கள். 1908இல் அதைக் குட்டி ரயிலாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, பள்ளத்தாக்குக்கு மேலே பறந்து, கீழே கொட்டக்குடிக்கு இறங்கும். சுமார் 5 கிலோமீட்டர்! கொட்டக்குடிக்குப் 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 ஜூலையில் பெய்த பெருமழை வெள்ளத்தில் மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போனாலும் பெயர் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

இதை ஆல்பத்தில் ஓட வைக்கலாம். உறையின் மேல் மூலையில் ஒன்று, கீழ் மூலையில் ஒன்று என்று ஊசியால் இரண்டு துளை போட்டு, சாய்வாக நூல் கோத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிச் சீட்டை வெட்டி ஒரு சின்னத் தேயிலைப் பெட்டி செய்து நூலில் மாட்டுங்கள். உறைக்குள் பின்னணியாக மலைப் படம். நூலை இழுத்தால் டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டி இறங்கும்!

மலைப் பக்கம் பொருள் தேடப் போகிறேன் என்று நீங்களாகக் கிளம்பிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில், மலையேறப் போன பலர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். வனத்துறை அனுமதியும் பெரியவர்கள் துணையும் இல்லாமல் அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது. காட்டுக்குள்ளிருந்து இறகு, தோல், கொம்பு, முட்டை ஓடு எதையும் எடுத்து வரவும் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

குறிஞ்சிப்பூவும் அப்படித்தான். பறிக்காதீர்கள். நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். மூணாறு மலைகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்தது 2030. அஞ்சல் துறை 2006இல் குறிஞ்சிக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. 2009இல் வாசனைப் பொருள்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ஏலக்காயும் உண்டு. பூவுக்குப் பதில் தபால்தலை தேடுங்கள். குறிஞ்சிக்கு ஓர் உறையை இப்போதே காலியாக விட்டு, '2030' என்று எழுதி வையுங்கள். அப்போது உங்களுக்கு என்ன வயது, எந்த வகுப்பு என்று கணக்குப் போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

இலவம் பஞ்சும் மறக்கக் கூடாதது. போடி மெத்தை தலையணைக்குப் பேர் போன ஊர். ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும்! அந்த இழைகளுக்கு நடுவில் காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் உள்ளே போகாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். காய்ந்த பஞ்சு கொஞ்சம் எடுத்து உறையில் போட்டு, பக்கத்தில் சோதனை முடிவை எழுதுங்கள்.

மலையாள எழுத்தில் அச்சடித்த பஸ் டிக்கெட், கடை பில் கிடைத்தால் அதையும் சேருங்கள். தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கீழே தமிழில் எழுதுங்கள். எத்தனை சொல் நம் சொல் மாதிரியே இருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

ஆல்பம் இல்லாதவர்களுக்கு

பழைய ஆல்பம் கிடைக்கவில்லையா? நோட்டுக்குப் போடும் கனமான பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, மூன்று பக்கம் ஊசி நூலால் தைத்தால் பாக்கெட். புதுத் துணி வரும் பிளாஸ்டிக் கவரும் ஆகும். அதில் பாதிச் சட்டைக்காவது பாக்கெட் தைக்கலாம்! தபால் கவரின் நடுவில் சதுரமாக ஜன்னல் வெட்டினால் அதுவும் பாக்கெட்தான். ஒரு ஓரத்தில் ஓட்டை போட்டு ஷூ லேஸால் கட்டிவிடுங்கள்.

கடையில் வாங்குவதானால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிற, பிசுபிசுப்பான உறை வேண்டாம். அது பெரும்பாலும் பி.வி.சி. வகை. நாளாக ஆக போட்டோவின் மேல் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் உறை கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும். அதுதான் நல்லது. பழைய ஆல்பத்தில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். முகம் உறையோடு போய்விடும். செல்போனில் அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஆல்பத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

எதை வைத்தாலும் கூடவே ஒரு சீட்டு வேண்டும். என்ன, எங்கே, எப்போது, யார் கொடுத்தது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான செடிகளை உலர்த்தித் தாளில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் இந்த விவரம் இருக்கும். அந்த மூலை கிழிந்துபோனால் செடி வெறும் சருகு. பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரம் பட்டால் ஊறிவிடும்.

மழைக்காலத்தில் ஆல்பத்தைத் தரையிலோ, சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். படுக்கப் போட்டு மேலே புத்தகம் அடுக்கவும் வேண்டாம். புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். இராமபாணப் பூச்சி வராமல் இருக்க, நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து அலமாரியில் போடலாம், உறைக்குள் போடக் கூடாது. மாதம் ஒருமுறை எடுத்து, தாள்களைப் புரட்டிக் காற்றாட விடுங்கள். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். டிக்கெட் எல்லாம் மங்கிவிடும்!